விடைத்தாள் கட்டைப் பிரிக்கவே கை வரவில்லை: தள்ளிப்போடுகிறவர்கள் எப்படி மீண்டீர்கள்?

கணக்கு டீச்சர் | ஜனவரி 3, இரவு 10.40

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. அரையாண்டுத் தேர்வுத் தாள் மொத்தம் 161, நான்கு கட்டு. விடுமுறையில் திருத்திவிடலாம் என்று கட்டைப்பையில் போட்டு அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் மேலே வைக்க இடமில்லை, இரண்டரை மணி நேரம் காலுக்கிடையிலேயே வைத்திருந்தேன். இன்று அதே பை, அதே சணல் முடிச்சோடு திரும்பி வந்திருக்கிறது. ஒரு தாளைக்கூட உருவவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றால் அதுவும் இல்லை. அம்மாவின் பீரோவை ஒழித்துக் கொடுத்தேன். இரண்டு மூட்டை அரிசி புடைத்தேன். பையனின் பழைய நோட்டுகளில் எழுதாத பக்கங்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, ரஃப் நோட்டு போட்டேன். ஒவ்வொன்றையும் தொடங்கும்போது "இதை மட்டும் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம்" என்றுதான் நினைத்தேன். இரவு படுத்தால் பை கண்ணுக்குள் வந்து நிற்கும். காலையில் எழுந்தால் மறுபடியும் ஏதாவது வேலை கிடைத்துவிடும்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. 9-ஆம் தேதிக்குள் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். காலாண்டுக்கும் இதே கதைதான், கடைசி இரண்டு இரவு தூங்காமல் திருத்தினேன். "மனது வைத்தால் முடியும்" என்று யாரும் சொல்ல வேண்டாம், மனது வைத்துத்தான் பார்த்துவிட்டேன். உங்களுக்கு உண்மையில் எது உதவியது என்று சொல்லுங்கள்.

பஸ் பாஸ் | ஜனவரி 3, இரவு 10.58

மொபைல்தான் காரணம். அணைத்து பீரோவில் பூட்டுங்கள். காலை 4 மணிக்கு எழுந்து உட்காருங்கள். குரூப் 4 தேர்வுக்கு நான் அப்படித்தான் படித்தேன். சோம்பேறித்தனத்துக்கு வேறு மருந்து கிடையாது.

கணக்கு டீச்சர் | ஜனவரி 3, இரவு 11.05

அம்மா ஊரில் சிக்னல் கிடைக்க மாடிக்குப் போக வேண்டும் தம்பி. பத்து நாளும் போன் அநேகமாகச் சும்மாதான் கிடந்தது.

ஆடிட்டர் ஆபீஸ் | ஜனவரி 3, இரவு 11.31

டீச்சர், நான் வேலை பார்க்கும் இடத்தில் வருடா வருடம் இதைத்தான் பார்க்கிறேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தாண்டினால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் இருந்தே போன் செய்து சொல்கிறோம். ஆனாலும் ஜூலை கடைசி வாரம்தான் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. 2025-இல் அரசே செப்டம்பர் 15 வரை நீட்டித்தது, அப்புறம் இன்னும் ஒருநாள் சேர்த்து 16 ஆக்கியது. ஒன்றரை மாதம் கூடுதலாகக் கிடைத்ததே, கூட்டம் பரவலாக வரும் என்று நினைத்தோம். செப்டம்பர் இரண்டாம் வாரம் இரவு 12 மணி வரை உட்கார்ந்திருந்தோம்.

அதனால் நேரம் போதாததுதான் காரணம் என்பதை நான் நம்புவதே இல்லை. தாமதமாக வருகிறவர்களிடம் இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "எந்தக் காகிதத்தால் தயங்கினீர்கள்?" அநேகமாக ஒரு பதில் இருக்கும். போன வருடம் விற்ற மனையின் பத்திரம். எவ்வளவு வரி வரும் என்று பயம். தம்பிக்கு அனுப்பிய பணத்துக்கு என்ன சொல்வது என்ற குழப்பம். மற்ற பத்துக் காகிதமும் கைவசம் இருக்கும். அந்த ஒன்றுக்காக மொத்தப் பையையும் நான்கு மாதம் தொடாமல் வைத்திருப்பார்கள்.

ஓய்வு ஹெச்.எம். | ஜனவரி 4, காலை 5.50

அம்மா, 34 வருடம் தாள் திருத்தியவன் சொல்கிறேன். 161 தாளுக்கு, தாளுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் 1,610 நிமிடம், கிட்டத்தட்ட 27 மணி நேரம். இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டு யாராலும் முடிச்சை அவிழ்க்க முடியாது. தாள் தாளாகத் திருத்தாதீர்கள், கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். முதலில் ஒரு வகுப்புக்கு ஒரு மதிப்பெண் கேள்வி 14 மட்டும். விடை மனப்பாடமாக இருக்கும், தாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் வடிவியல், வரைபடம் இரண்டும். பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குள் பாதித் தூரம் வந்திருப்பீர்கள். ஒரே கேள்வியைத் தொடர்ந்து பார்க்கும்போது மதிப்பெண்ணும் ஒரே சீராக விழும். பிள்ளைகளுக்கும் அதுதான் நியாயம்.

இன்னொன்று. மேலே ஒரு தம்பி சோம்பேறித்தனம் என்று சொல்லியிருக்கிறார். வள்ளுவர் 605-ஆவது குறளில் கெடுக்கும் நான்கைச் சொல்கிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். மடிதான் சோம்பல், அது மூன்றாவதாக வருகிறது. முதலில் நிற்பது நெடுநீர், அதாவது செய்ய வேண்டியதை நீட்டிக்கொண்டே போவது. இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தால் தனித்தனியாக எண்ணியிருக்க மாட்டார். அரிசி புடைத்த கைக்குச் சோம்பல் எங்கே இருக்கிறது?

ஐந்தாம் ஆண்டு ஆய்வேடு | ஜனவரி 4, காலை 8.15

சார் சொன்ன வேறுபாட்டை உளவியலிலும் சொல்கிறார்கள். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதையே பல வருடம் ஆராய்ந்தவர் டிமதி பிச்சில். அவரும் ஃபியூஷியா சிரோயும் 2013-இல் எழுதிய கட்டுரையின் சாரம்: வேலையைத் தள்ளிப்போடுகிறவர் உண்மையில் தள்ளிப்போடுவது அந்த வேலை கிளப்பும் உணர்வை. பயம், எரிச்சல், அவமானம் எதுவாகவும் இருக்கலாம். கட்டை மூடி வைத்ததும் அந்த நிமிடம் மனது லேசாகிறது. அந்த லேசுக்காகத்தான் மறுபடி மறுபடி மூடுகிறோம்.

இன்னொரு ஆய்வு உங்கள் வேலைக்கே பொருந்தும். 2002-இல் டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டென்பிராக்கும் மாணவர்களிடம் பிழைதிருத்தும் வேலை மூன்று கொடுத்தார்கள். ஒரு குழு வாரம் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ஒரு குழு மூன்றையும் கடைசியில் கொடுத்தால் போதும். இன்னொரு குழு தன் தேதிகளைத் தானே முடிவு செய்துகொள்ளலாம். அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தது வாரம் ஒன்றாகக் கொடுத்த குழு. கடைசியில் மொத்தமாகக் கொடுத்தவர்கள்தான் குறைவு. தானே தேதி வைத்தவர்கள் நடுவில். அதனால் "9-ஆம் தேதிக்குள் 161" என்று வைத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். நாளுக்கு ஒரு கட்டு என்று இங்கேயே சொல்லுங்கள், நாங்கள் கேட்போம்.

எனக்கு ஆய்வேட்டில் மூன்றாம் இயல் எட்டு மாதம் நின்றது. வழிகாட்டி என்ன சொல்வாரோ என்ற பயம்தான்.

தையல் கடை | ஜனவரி 4, காலை 11.20

எனக்குப் படிப்பு ஆராய்ச்சியெல்லாம் தெரியாது அக்கா. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கடை அலமாரிதான் ஞாபகம் வந்தது.

கீழ்த்தட்டில் ஒரு கவர் இருக்கிறது. அதில் ஒரு பட்டுப்புடவையின் பிளவுஸ் துணி, கரும்பச்சை, அரக்கு பார்டர். தை மாதம் கல்யாணம். கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. அதற்கு அப்புறம் வந்த சுடிதார், லைனிங் பிளவுஸ், யூனிஃபார்ம் எல்லாம் தைத்து அனுப்பிவிட்டேன். இதை மட்டும் எடுக்கவில்லை. அவர்கள் போன் செய்தால் "கட்டிங் ஆகிவிட்டது" என்று சொல்லியிருக்கிறேன், அது பொய்.

ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல ஒரு பட்டுத் துணியில் முன்கழுத்தை ஒன்றரை இஞ்ச் ஆழமாக வெட்டிவிட்டேன். புடவையோடு வந்த துணி, கடையில் போய் வாங்கவும் முடியாது. அந்த அம்மா திட்டவில்லை. ஒன்றும் சொல்லாமல் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து பட்டு என்றால் கத்தரி வைக்கக் கை போகாது. மற்ற எல்லா வேலையும் வேகமாக ஓடும். பார்க்கிறவர்கள் நான் சுறுசுறுப்பு என்றுதான் நினைப்பார்கள்.

உங்கள் பையில் நான்கு கட்டும் ஒன்றுபோலவா இருக்கிறது அக்கா? இல்லை, எனக்கு இருக்கிற மாதிரி கீழே ஒன்று கிடக்கிறதா?

பஸ் பாஸ் | ஜனவரி 4, பகல் 12.02

நான் சோம்பேறித்தனம் என்று எழுதியது தவறு டீச்சர், மன்னிக்கவும். எனக்குத் தேர்வுதான் வேலை, அதனால் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. இது வேறு.

கணக்கு டீச்சர் | ஜனவரி 4, பிற்பகல் 3.10

தையல் கடைத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. போய்ப் பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மேலே 9-சி, அதற்குக் கீழே 9-ஏ, 10-ஏ. அடியில் 10-பி. அப்படி வைத்தது நான்தான். காலாண்டுக்கும் கடைசியாகத் திருத்தியது 10-பி. போன வருடமும் எந்த வகுப்பு அடியில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

10-பி-யில் 38 பிள்ளைகள். காலாண்டில் 21 பேர் 35-ஐத் தொடவில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அந்த எண்ணை வாசித்தார்கள். யாரும் திட்டவில்லை, வாசித்தார்கள், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் நவம்பரில் மூன்று வாரம், காலை 8 மணிக்கு வரவழைத்து வரைபடம் மட்டும் நடத்தினேன். வரைபடத்துக்கு 8, வடிவியலுக்கு 8, இந்த 16-ஐ எடுத்துவிட்டால் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகூட 35-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த மூன்று வாரமும் என் பையனை யாராவது பள்ளிக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. மாமியாரிடம் பேச்சு வாங்கினேன்.

கட்டைப் பிரித்தால் அந்த மூன்று வாரம் வீண் என்று தெரிந்துவிடும். பிரிக்காத வரைக்கும் தெரியாது. பத்து நாளாக நான் தூக்கிக்கொண்டு அலைந்தது இதைத்தான் போலிருக்கிறது. எழுதும்போதே கண் கலங்குகிறது.

ஓய்வு ஹெச்.எம். | ஜனவரி 4, பிற்பகல் 3.40

அம்மா, அப்படியென்றால் நான் காலையில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஒரு மதிப்பெண்ணில் தொடங்க வேண்டாம். 10-பி கட்டை மட்டும் எடுங்கள். சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள், மதிப்பெண் போட வேண்டாம். வரைபடத் தாளை மட்டும் புரட்டிப் பாருங்கள். 38 தாள், இருபது நிமிடம். பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

ஆடிட்டர் ஆபீஸ் | ஜனவரி 4, மாலை 4.05

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. கஷ்டமானதை முதலில் எடு என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரை அந்த மனைப் பத்திரத்தோடு முதல்நாளே வரச்சொன்னேன். மனிதர் வரவே இல்லை. சுலபமானதைக் கையிலெடுத்துச் சூடேறிய பிறகு கஷ்டத்துக்குப் போவதுதான் பலருக்கு ஒத்துவரும்.

ஓய்வு ஹெச்.எம். | ஜனவரி 4, மாலை 4.20

அது சரிதான் சார், எது தடுக்கிறது என்று தெரியாதவர்களுக்கு. இவர் பத்து நாளாக வேறு வேறு வேலையில் சூடேறிக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு இடம் தெரிந்துவிட்டது. நான் திருத்தச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொன்னேன்.

தையல் கடை | ஜனவரி 4, மாலை 5.00

அக்கா, நீங்கள் கட்டைப் பிரித்தால் நான் நாளை காலை 11 மணிக்கு அந்தப் பட்டை எடுக்கிறேன். எழுதிவிட்டேன், இனி மாற முடியாது.

கணக்கு டீச்சர் | ஜனவரி 4, இரவு 9.45

பிரித்தேன்.

முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். பேனாவை அடுப்படியிலேயே வைத்துவிட்டேன். கேள்வி: ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் இரண்டு. வரைபடம் வரைந்து தீர்க்க வேண்டும். முதல் தாளில் அட்டவணை அழகாகக் கோடு போட்டு இருக்கிறது. அளவுத்திட்டம் மூலையில் எழுதியிருக்கிறது. அச்சுகளுக்கு அம்புக்குறி இருக்கிறது. நவம்பரில் நான் சொல்லிக்கொடுத்த வரிசை அப்படியே இருக்கிறது. வலது பக்கம் கோடு சரியாக மேலே ஏறுகிறது. இடது பக்கமும் ஏற வேண்டும், ஆனால் கீழே விழுகிறது.

இரண்டாம் தாளும் அப்படியே. ஐந்தாவது தாளில்தான் அட்டவணையை உற்றுப் பார்த்தேன். எக்ஸின் மதிப்பு மைனஸ் 3 என்றால் எக்ஸ் ஸ்கொயர் 9. பிள்ளை மைனஸ் 9 என்று எழுதியிருக்கிறது. அதோடு மைனஸ் 3, மைனஸ் 2 சேர்த்து மைனஸ் 14. வர வேண்டியது 4. மைனஸ் 14 கிராஃப் தாளுக்குள் அடங்கவில்லை. தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலை அழுத்தி ஒரு புள்ளி வைத்து, அதுவரை கையாலேயே கோட்டை இழுத்திருக்கிறது. ஏதோ சரியில்லை என்று அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் இரண்டு முறை அழித்த தடம் இருக்கிறது.

எண்ணினேன். 38-இல் 19 பேருக்கு இதே தவறு. 12 பேருக்குப் பரவளையம் சரியாக வந்திருக்கிறது. காலாண்டில் சரியாகப் போட்டது 4 பேர். மீதி 7 பேர் வேறு வேறு இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள்.

மூன்று வாரமும் வீண் இல்லை. வரைவதை நடத்தினேன், மைனஸ் எண்ணின் வர்க்கம் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரே இடம்! இரவு 8 மணிக்குப் பேனாவை எடுத்து 10-பி-யின் ஒரு மதிப்பெண் கேள்வி முழுவதும் போட்டுவிட்டேன்.

தையல் கடை | ஜனவரி 5, பகல் 12.30

வெட்டிவிட்டேன் அக்கா. முதலில் அளவு ஜாக்கெட்டை வைத்து மல் துணியில் ஒன்று வெட்டி ஊசி குத்திப் பார்த்தேன். அப்புறம் பட்டு. சாக்பீஸால் கழுத்துக் கோடு போட்டபோது கை நடுங்கியது நிஜம். பின்கழுத்தை அரை இஞ்ச் குறைவாகவே விட்டிருக்கிறேன், ஆழம் வேண்டுமென்றால் அப்புறம் இறக்கிக்கொள்ளலாம். இப்போது லைனிங் சேர்க்கிறேன்.

ஐந்தாம் ஆண்டு ஆய்வேடு | ஜனவரி 6, இரவு 9.00

டீச்சர், நாளுக்கு ஒரு கட்டு என்று பேசினோம். 10-பி முடிந்ததா?

கணக்கு டீச்சர் | ஜனவரி 7, இரவு 10.15

நேற்று எழுதவில்லை, காரணம் எழுத ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை 10-பி முழுவதும் முடித்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு தாள்கூடத் தொடவில்லை. பள்ளியில் எமிஸில் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) ஏற்ற வேண்டியது, காலை வழிபாடு முறை, மாலை வீட்டுக்கு விருந்தாளி. எல்லாம் முடிந்து 9 மணிக்கு உட்கார்ந்திருக்கலாம். உட்காராமல் பாத்திரம் அடுக்கினேன். படுத்தபோது பழைய பை மறுபடியும் கண்ணுக்குள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு அழுது, அவ்வளவு எழுதி, இரண்டே நாளில் இப்படி.

ஐந்தாம் ஆண்டு ஆய்வேடு | ஜனவரி 7, இரவு 10.32

நேற்றுக்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பிச்சில் இன்னும் இருவரோடு 2010-இல் வெளியிட்ட ஆய்வு இது. முதலாண்டு மாணவர்களில் முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டால் கட்டோடு அந்த அவமானமும் சேர்ந்துகொள்கிறது, அப்புறம் கட்டைத் தொட இன்னும் கஷ்டம். எனக்கு எட்டு மாதம் ஆனதே இப்படித்தான்.

ஓய்வு ஹெச்.எம். | ஜனவரி 8, காலை 5.40

அம்மா, வீட்டில் திருத்தாதீர்கள். வீட்டில் உங்கள் கையைக் கேட்க ஆயிரம் வேலை இருக்கும், எல்லாமே நியாயமான வேலையாகவும் இருக்கும். மாலை மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமிலேயே ஒரு மணி நேரம். வாட்ச்மேனிடம் சொல்லிவைத்துவிடுங்கள். நான் கடைசிப் பத்து வருடம் ஒரு தாளையும் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை.

கணக்கு டீச்சர் | ஜனவரி 8, இரவு 8.50

நேற்று 9-சி முடிந்தது. இன்று இலவசப் பீரியட் இரண்டிலும், மாலை 6 மணி வரை ஸ்டாஃப் ரூமிலும் உட்கார்ந்தேன். 10-ஏ முடிந்தது, 9-ஏ பாதி வந்தாகிவிட்டது. இன்னொரு டீச்சரும் தன் கட்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார். பேசிக்கொள்ளவே இல்லை. மூன்று மாதக் கட்டு வைத்திருக்கிறாராம், இன்றுதான் சொன்னார்.

கணக்கு டீச்சர் | ஜனவரி 9, மாலை 6.30

161-ம் முடிந்தது. பட்டியல் கொடுத்துவிட்டேன். 10-பி-யில் 35-க்குக் கீழே 14 பேர். இன்றும் வாசித்தார்கள். எண்ணை வாசித்து முடித்ததும் நானே எழுந்து அந்த மைனஸ் 9 விஷயத்தைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பிலேயே இதைப் பார்க்கலாமே என்று கணக்கு ஆசிரியர்கள் இருவர் கேட்டுக்கொண்டார்கள்.

தையல் கடை | ஜனவரி 10, காலை 10.10

பச்சைப் பிளவுஸ் போய்விட்டது அக்கா. போட்டுப் பார்த்தார்கள், கை மட்டும் கால் இஞ்ச் பிடிக்கச் சொன்னார்கள். அடுத்த பட்டு நேற்று வந்தது, அதை மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

ஓய்வு ஹெச்.எம். | ஜனவரி 13, காலை 5.45

பொங்கல் வேலைக்கு நடுவில் கேட்கிறேன். 10-பி-க்கு அந்த இடத்தை மறுபடி நடத்தினீர்களா? இடது பக்கம் ஏறியதா?

கணக்கு டீச்சர் | ஜனவரி 13, இரவு 7.20

நடத்தினேன் சார். நேற்று முதல் பீரியடில் அட்டவணை மட்டும் போடவைத்தேன், மைனஸ் எண்ணை அடைப்புக்குறிக்குள் எழுதி இரண்டு முறை பெருக்கச் சொன்னேன். இன்று அதே கேள்வியைப் புதுக் கிராஃப் தாளில் கொடுத்தேன். தாளை வாங்கி, மணி அடிப்பதற்குள் மேஜையிலேயே பார்த்துவிட்டேன். 31 பேருக்கு ஏறியிருக்கிறது. மீதி 7 பேரைப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் காலை 8 மணிக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.